மீன்தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசி

வீட்டில் மீன்தொட்டி வைத்த சில வாரங்களுக்குள் அதன் கண்ணாடி உட்புறமாக மங்கத் தொடங்குவது இயல்பு. முதலில் மெல்லிய பழுப்பு நிறத் தூள் போலவும், பின்னர் பச்சைப் புள்ளிகளாகவும் பாசி படிகிறது. இதற்கு வழி கேட்டுக் கடைக்குச் செல்வோருக்குப் பெரும்பாலும் ஒரு மீன் காட்டப்படும். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் அந்த மீன் தமிழ்நாட்டில் 'டேங்க் கிளீனர்' என்றும், இந்நாட்டில் 'பிளெக்கோ' என்றும் அழைக்கப்படுகிறது. கடையில் இரண்டு அங்குலமே இருக்கும் அம்மீன், அதன் பொதுவான இனங்களில், ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. டெக்சஸ் மாநிலத்தின் சில ஆறுகளில் இன்று அது கூட்டமாக வாழ்கிறது. அங்கே அதைக் கொண்டு சேர்த்தவை பெரும்பாலும் வீட்டுத் தொட்டிகளே.

எனவே கண்ணாடியைத் துடைப்பது பற்றிய இவ்விளக்கம், துடைத்த நீர் எங்கே செல்கிறது, தொட்டியில் வாழும் உயிர் இறுதியில் எங்கே செல்கிறது என்பவற்றையும் சேர்த்தே கூற வேண்டியுள்ளது.

பாசி ஏன் படிகிறது

பாசிக்கு வேண்டியவை ஒளியும் உணவும். மீன்களின் கழிவும், தின்னாமல் எஞ்சிய தீனியும் நீரில் நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகளாக மாறுகின்றன. விளக்கும் சன்னல் வெயிலும் ஒளியைத் தருகின்றன. இவ்விரண்டில் ஒன்றைக் குறைக்காமல் கண்ணாடியை மட்டும் துடைத்தால், அடுத்த வாரமும் அதே வேலை காத்திருக்கும்.

புதிய தொட்டியில் முதல் இரண்டு மாதங்களில் தோன்றும் பழுப்புப் படலம் டயாட்டம் எனப்படும் நுண்பாசியால் ஆனது. துணியால் தொட்டாலே கலையும். தொட்டி நிலைபெற்றதும் பெரும்பாலும் தானே மறையும். கெட்டியான பச்சைப் புள்ளிகள் வேறு வகை. அவை சுரண்டினால்தான் போகும். நீலம் கலந்த கரும்பச்சையில் வழவழப்பான ஏடு போல் பரவி, துர்நாற்றம் வீசுவது உண்மையில் பாசியன்று. அது பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. அழுக்குத் தேங்கிய, நீரோட்டம் குறைந்த மூலைகளில் அது பெருகும்.

விளக்கை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் மட்டும் எரியவிட்டால் போதும். மலிவான டைமர் ஒன்றைப் பொருத்திவிட்டால் மறதிக்கு இடமில்லை. டெக்சஸின் கோடை வெயில் நேரே விழும் மேற்குச் சன்னலருகே தொட்டியை வைப்பது பாசியை விருந்துக்கு அழைப்பதாகும். தீனியைப் பொறுத்தவரை, இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே சரியான அளவு. வீட்டில் குழந்தைகள் தீனி இடுவார்களாயின், ஒரு நாள் அளவைச் சிறு டப்பாவில் தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது. ஒவ்வொருவரும் தனித்தனியே அன்புடன் இட்ட தீனியே பல வீடுகளில் பாசிக்கு முதற்காரணம்.

கண்ணாடியைத் துடைக்கும் முறை

முதலில் சூடேற்றியின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நீர்மட்டம் குறையும்போது, எரிந்துகொண்டிருக்கும் கண்ணாடிச் சூடேற்றி காற்றில் வெளிப்பட்டால் வெடிக்கக்கூடும். மின்கம்பிகள் சுவரிலுள்ள மின்செருகியை அடையுமுன் ஒரு வளைவு கீழிறங்கி மேலேறுமாறு அமைந்திருக்க வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் செருகிக்குள் புகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

அன்றாடப் படலத்தை நீக்கக் காந்தத் துடைப்பான் போதும். ஒரு பகுதி உள்ளேயும் மறு பகுதி வெளியேயும் ஒட்டிக்கொண்டு நகரும் இக்கருவியில் ஒரே ஆபத்து, அடிமட்டத்திலுள்ள மணல் ஒன்று இடையில் சிக்குவது. அவ்வாறு சிக்கிய ஒரு மணல் கண்ணாடி முழுதும் கோடு இழுத்துவிடும். அக்கோட்டை அழிக்க வழியில்லை. ஆதலால் மணலுக்கு ஓர் அங்குலம் மேலேயே காந்தத்தை நிறுத்திவிட்டு, எஞ்சிய பகுதியைக் கையால் துடைப்பதே நலம்.

கெட்டிப் புள்ளிகளுக்குச் சவர அலகு பொருத்திய சுரண்டியைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளலாம். இது கண்ணாடித் தொட்டிக்கு மட்டுமே பொருந்தும். அக்ரிலிக் தொட்டியில் அலகு பட்டால் உடனே கீறல் விழும். அதற்கு மென்மையான பஞ்சோ பிளாஸ்டிக் அட்டையோதான் ஏற்றது. கண்ணாடித் தொட்டியிலும், பலகைகளை இணைக்கும் மூலைப் பசையை அலகு தொடக்கூடாது. அப்பசை அறுந்தால் தொட்டி கசியும்.

சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம், சோப்பு ஊறிய சமையலறைப் பஞ்சு ஆகியவற்றைத் தொட்டியின் உட்புறத்தில் ஒருபோதும் பயன்படுத்தல் ஆகாது. சன்னல் துடைக்கும் தெளிப்பான்கள் பலவற்றில் அமோனியா உள்ளது. வெளிப்புறத்தைத் துடைக்கவும் அதைத் தொட்டியருகே தெளிக்காமல், வெறும் நீரில் நனைத்த துணியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. நீர்மட்டக் கோட்டில் படியும் வெள்ளைப் படிவு பாசியன்று. கடினநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து. வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் உப்பு போன்றதே அது. வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் அதைத் தேய்த்து எடுக்கலாம். வினிகர் தொட்டிக்குள் வடியாதிருக்க வேண்டும்.

கண்ணாடியிலிருந்து கலைந்த பாசி நீரில் மிதந்து அடியில் தங்கும். துடைத்த பின்னரே நீரை வெளியேற்றினால் அதுவும் உடன் வெளியேறும். குழாயை வாயால் உறிஞ்சி நீரை இழுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதைக் கைவிடுதல் வேண்டும். கையால் அமுக்கும் பம்புடன் கூடிய குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன.

கையில் வெட்டுக்காயமோ சிராய்ப்போ இருப்பின் நீண்ட கையுறை அவசியம். மீன்தொட்டி நீரில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி இருக்கக்கூடும். அது காயத்தின் வழியே புகுந்தால், சில வாரங்கள் கழித்து விரலிலோ கையிலோ ஆறாத சிறு கட்டிகள் தோன்றும். சாதாரண மருந்துகளுக்கு அவை எளிதில் அடங்குவதில்லை. சிகிச்சை பல மாதங்கள் நீடிக்கலாம். அத்தகைய கட்டியுடன் மருத்துவரிடம் செல்வோர், வீட்டில் மீன்தொட்டி இருப்பதைத் தாமே முன்வந்து தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் நோய் தாமதமாகக் கண்டறியப்படுவதற்குக் காரணம், அந்தக் கேள்வி கேட்கப்படாததே.

புதிய நீர்: ஓரிரவு வைத்தால் போதாது

வாரந்தோறும் தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றுவது பாசிக்கு உணவாகும் சத்துகளைக் குறைக்கும். இங்கேதான் தமிழ்நாட்டிலிருந்து வந்த பழக்கம் ஒன்று மீன்களுக்கு எமனாக முடிகிறது. குழாய் நீரை வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் குளோரின் வெளியேறிவிடும் என்பது அங்கே பலரும் அறிந்த முறை. வெறும் குளோரினுக்கு அது உண்மையும் கூட. ஆனால் டெக்சஸின் பெருநகரங்கள் பலவற்றில் குழாய் நீர் குளோரமினால் கிருமிநீக்கம் செய்யப்படுகிறது. குளோரினும் அமோனியாவும் சேர்ந்த இச்சேர்மம் நீண்ட குழாய்களிலும் நிலைத்திருக்கும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே வாளியிலும் அது நிலைத்தே இருக்கும். ஓரிரவில் வெளியேறாது, கொதிக்கவைத்தாலும் எளிதில் நீங்காது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை குளோரமினை அனுமதிக்கிறது. மனிதர் குடிப்பதற்கு அது ஏற்ற அளவு. மீனுக்கோ, செவுள் வழியே நேரே இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கிறது. நிறைய நீர் இருந்தும் மீன் மூச்சுமுட்டி இறக்கும். கண்ணாடியைத் துடைத்து, நீரையும் மாற்றிய மறுநாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டால், துடைத்ததில் பிழை தேடுமுன் புதிதாக ஊற்றிய நீரைச் சந்தேகிக்க வேண்டும்.

தீர்வு எளிது. குளோரமினை நீக்கும் என்றும், அதிலிருந்து பிரியும் அமோனியாவையும் கட்டுப்படுத்தும் என்றும் புட்டியில் தெளிவாகக் குறிப்பிட்ட நீர்ப்பதப்படுத்தியை வாங்கி, புதிய நீரைத் தொட்டியில் ஊற்றுமுன் குறிப்பிட்ட அளவு கலக்க வேண்டும். குளோரினை மட்டும் நீக்கும் மருந்து போதாது: அது குளோரமினை உடைத்து அமோனியாவை நீரிலேயே விட்டுவிடும். காரத்தன்மை மிகுந்த நீரில் அமோனியாவின் நச்சு கூடுதல்; டெக்சஸின் பல பகுதிகளில் குழாய் நீர் அத்தகையதே.

பிளேனோ, பிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி, ரிச்சர்ட்சன் முதலிய நகரங்களுக்கு நீர் வழங்கும் வட டெக்சஸ் மாநகராட்சி நீர் மாவட்டம், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாத காலம் குளோரமினை நிறுத்திவிட்டுக் குளோரினை மட்டும் பயன்படுத்துவதை வழக்கமாகக் கொண்டுள்ளது. குழாய்களைத் தூய்மையாக வைத்திருப்பதற்கான பராமரிப்பு அது. அம்மாதத்தில் ஓரிரவு வைக்கும் பழைய முறை பலித்துவிடும். பலித்ததை நம்பி, மற்ற பதினொரு மாதங்களும் அதையே பின்பற்றுவோர் உள்ளனர். எம்மாதமாயினும் பதப்படுத்தியைப் பயன்படுத்துவதே உரியது.

தம் வீட்டுக்கு வரும் நீர் எவ்வகையில் கிருமிநீக்கம் செய்யப்படுகிறது என்பதை, நீர் வழங்கும் நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1க்குள் வெளியிட வேண்டிய குடிநீர்த் தர அறிக்கையில் காணலாம். இந்த அறிக்கை கூட்டரசுச் சட்டப்படி கட்டாயமானது, கட்டணமின்றிக் கிடைப்பது. குளோரமின் என்ற சொல் அதன் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் கழுவுதல் கூடாது. மீன்களின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் நன்மைதரு பாக்டீரியாக்கள் அதில் குடியிருக்கின்றன. குழாய் நீர் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும். எஞ்சிய நன்னீரைப் பூச்செடிகளுக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் ஊற்றலாம். பாசிக்கு உரமான சத்தே அவற்றுக்கும் உரம். உப்புநீர்த் தொட்டியின் நீரைச் செடிகளுக்கு ஊற்றலாகாது.

பாசிக்கொல்லி மருந்துகளைப் பற்றி ஒரு சொல் போதும்: அவற்றுள் செம்பு கலந்தவை இறாலையும் நத்தையையும் சேர்த்தே கொல்லும்.

பாசி தின்னும் மீனும் டெக்சஸின் ஆறுகளும்

பிளெக்கோவின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. குட்டியாக இருக்கும்போது அது பாசியை ஆர்வத்துடன் தின்னும். வளர வளர மற்ற மீன்களுக்கு இடும் தீனியை நாடும். அதன் கழிவும் மிகுதி. ஆகவே பாசியைக் குறைப்பதற்காக வாங்கிய மீனே பாசிக்கு உரமிடும் நிலை ஏற்படுகிறது. இருபது காலன் தொட்டியில் அது திரும்பக்கூட இடமின்றிப் போனதும், உயிரைக் கொல்ல மனமின்றி, அருகிலுள்ள ஓடையில் விட்டுவிடுகின்றனர். இரக்கத்தால் செய்யும் செயல்தான். ஆனால் அந்த இரக்கத்தின் விலையை வேறு உயிர்கள் கொடுக்கின்றன.

சான் அன்டோனியோ ஆற்றின் தலைப்பகுதியில் இம்மீன்கள் இனப்பெருக்கம் செய்வது 1960களிலேயே பதிவாகியுள்ளது. வெப்பநாட்டு மீன் டெக்சஸின் குளிர்காலத்தில் எவ்வாறு பிழைக்கிறது எனில், ஊற்றுகளால்தான். சான் மார்க்கஸ் ஆறு நிலத்தடி ஊற்றுகளிலிருந்து பிறக்கிறது. அதன் நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 72 டிகிரி பாரன்ஹீட்டிலேயே இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் சூடேற்றி செய்யும் வேலையை அங்கே பூமி செய்கிறது. அதே ஊற்றுநீரை நம்பி, உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத டெக்சஸ் காட்டு நெல் அந்த ஆற்றின் மேற்பகுதியில் வளர்கிறது. 1978இல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. செடிகளிலும் பாசியிலும் முட்டையிடும் பவுண்டன் டார்ட்டர் என்னும் சிறு மீன் 1970 முதல் அப்பட்டியலில் உள்ளது. அடித்தளத்தைச் சுரண்டித் தின்னும் பிளெக்கோ அத்தகைய முட்டைகளையும் சேர்த்து விழுங்கக்கூடும். கரையில் மூன்று அடிக்கும் மேல் ஆழமான வளைகளைத் தோண்டி முட்டையிடுவதும் அதன் இயல்பு, வளைகள் பெருகினால் கரை சரியும், நீர் கலங்கும். முதுகிலும் பக்கங்களிலும் முள். உடல் முழுதும் எலும்புக் கவசம். நீரை விட்டு எடுத்தாலும் பல மணி நேரம் உயிர் தாங்கும் திறன். இவற்றால் உள்ளூர்ப் பறவைகளோ மீன்களோ அதை எளிதில் கட்டுப்படுத்த இயலாது.

மெக்சிகோ எல்லையோரம் உள்ள டெல் ரியோ நகருக்குக் குடிநீர் தரும் ஊற்றுகளிலிருந்து சான் பிலிப்பே ஓடை பிறக்கிறது. அங்கே டெவில்ஸ் ரிவர் மின்னோ என்னும் இரண்டு அங்குல மீன் வாழ்கிறது. அதன் உணவு பாசி. 1999இல் அது அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகக் கூட்டரசால் அறிவிக்கப்பட்டது. ஓடையில் பெருகிய கவசமீன்கள் அதற்குக் கூறப்படும் ஆபத்துகளுள் ஒன்று. தொட்டியில் தொல்லையாகத் தோன்றும் பாசி, அந்த ஓடையில் ஒரு சிற்றுயிரின் சோறு. அதையே சுரண்டித் தீர்க்க ஒன்றரை அடி மீன் வந்து சேர்ந்தால் சிறியது பட்டினி கிடக்க நேரும்.

தமிழகத்தினருக்கு இது புதிய செய்தியன்று. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளிலும் இதே மீன் பரவி, வலைகளைக் கிழித்து, விலைபோகாமல் கரையில் வீசப்படுகிறது.

பாசி தின்னும் துணை வேண்டுமெனில், ஓரிரண்டு அங்குலத்திற்குள் வளரும் இனங்கள் உள்ளன. அவையும் கையின் வேலையைக் குறைக்குமேயன்றி நீக்குவதில்லை; அவற்றையும் வெளியே விடலாகாது.

சட்டம் கூறுவது

டெக்சஸ் பூங்கா, வனவிலங்குச் சட்டத்தொகுப்பின் 66.015ஆம் பிரிவின்படி, துறையின் அனுமதியின்றி எந்த மீனையும், ஓட்டுடலியையும், நீர்த்தாவரத்தையும் மாநிலத்தின் பொது நீர்நிலைகளில் இடுதல் கூடாது. ஆறு, ஓடை, ஏரி, நீர்த்தேக்கம், விரிகுடா ஆகியன அதன் வரையறைக்குள் அடங்கும். இன்ன மீன் என்ற பட்டியல் இப்பிரிவில் இல்லை. எந்த மீனும் என்பதே சொல். குடியிருப்புச் சங்கத்தின் குளம் பொது நீர்நிலையா என்று வாதிட இடமுண்டு என்றாலும், பெருமழையில் அக்குளம் நிரம்பி வழியும்போது மீன்கள் அந்த வாதத்தின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

மிதக்கும் செடிகள் ஒளியை மறைத்துச் சத்தையும் உறிஞ்சுவதால் பாசி குறையும் என்பது சரியே. எனினும் அதற்காக வெங்காயத்தாமரையையோ ஆகாயத்தாமரையையோ வளர்க்கலாகாது. தமிழ்நாட்டின் ஏரிகளை மூடிய அச்செடிகள் இம்மாநிலத்தில் தடைசெய்யப்பட்ட இனங்கள். அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

பாசியைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கப்படும் 'மாஸ் பால்' எனும் பச்சை உருண்டையும் எச்சரிக்கைக்குரியது. அதுவே ஒருவகைப் பாசிதான். 2021இல், இறக்குமதியான அவ்வுருண்டைகளுக்குள் வரிக்குதிரைச் சிப்பி எனப்படும் சிறு சிப்பிகள் ஒளிந்திருந்தது சியாட்டிலில் ஒரு கடையில் முதலில் கண்டறியப்பட்டு, பின்னர் நாட்டின் பல மாநிலங்களிலும் உறுதியானது. இச்சிப்பிகள் டெக்சஸில் முதன்முதலாக 2009இல் டெக்சோமா ஏரியில் நிலைகொண்டவை. குடிநீர்க் குழாய்களை அடைக்கும் இயல்புடையவை. ஐயத்துக்குரிய உருண்டையை 24 மணி நேரம் உறையவைத்தோ, ஒரு நிமிடமாவது கொதிநீரில் இட்டோ, பின்னர் பையில் கட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

தொட்டியைக் கைவிட நேரும்போது

வேலை மாறி வேறு மாநிலம் செல்லும்போதும், கோடையில் ஆறு வாரம் ஊருக்குப் போகும்போதும்தான் மீன்கள் ஓடைக்குச் செல்கின்றன. புறப்பட ஒரு மாதம் முன்பே ஏற்பாடு செய்தால் அந்நிலை வராது. மீன்களைத் திரும்பப் பெறும் கடைகள் உள்ளன. பணம் தராவிடினும் ஏற்றுக்கொள்ளும். மீன் வளர்ப்போர் சங்கங்கள், பள்ளிகள், அண்டை வீட்டார் ஆகியோரையும் கேட்கலாம். எவரும் ஏற்காத, நோயுற்ற மீனாயின் வலியின்றி உயிர் நீக்கும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். உயிருள்ள மீனைக் கழிவறையில் விடுதல் கூடாது. செடிகளை உலர்த்தியோ உறையவைத்தோ குப்பையில் இடலாம்.

ஊர் சென்று திரும்புவோர், தீனியை நாள்வாரியாகச் சிறு பொட்டலங்களாக மடித்துத் தேதியிட்டு நண்பரிடம் கொடுத்துச் செல்லலாம். விளக்கின் நேரத்தை ஆறு மணிக்குக் குறைத்துவிட்டால், கண்ணாடி ஓரளவு மங்கினாலும் மீன்களுக்குக் கேடில்லை.

தொட்டி நீரைத் தோட்டத்திற்கு ஊற்ற இயலாவிடில், வீட்டுக்குள் உள்ள கழுவுதொட்டியிலோ கழிவறையிலோ ஊற்ற வேண்டும். அது கழிவுநீர் நிலையத்திற்குச் சென்று சுத்திகரிக்கப்படும். தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றும் நீர் எச்சுத்திகரிப்பும் இன்றி நேரே ஓடையை அடைகிறது. நத்தை முட்டையும் செடித் துணுக்கும் அதனுடன் செல்லும். சிப்பிகள் இருந்ததாக ஐயமுள்ள நீராயின், காலனுக்கு ஒரு கோப்பை வீதம் வீட்டு பிளீச்சைக் கலந்து பத்து நிமிடம் வைத்து, அதன் பின்னரே வீட்டுக் கழுவுதொட்டியில் ஊற்ற வேண்டும். அவ்வாறு செய்யுமுன் மீன்கள் வேறு தொட்டிக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். பிளீச்சுடன் வினிகரையோ அமோனியா உள்ள துடைப்பானையோ சேர்த்தால் நச்சுவாயு எழும். அவற்றை ஒரே நேரத்தில் பயன்படுத்தல் ஆகாது.